சுகந்தாமணியாக ஒரு நாள்

நான் செத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், இரண்டாவது ஈடு மாவு பாதி அரைபட்டுக்கொண்டிருந்தபோது.

பக்கத்தில் நின்று நானே பார்த்தேன். வலது கை கிரைண்டரின் விளிம்பைப் பிடித்திருந்தது. தண்ணீர் பத்தவில்லை என்று இடது கை சுவரிலிருந்த குழாயைத் திறக்கப் போனது. குழாயில் விரல் பட்டதும் அப்படியே நின்றது. பிறகு முழங்கால் மடிந்து, ஈரத் தரையில் பக்கவாட்டில் சரிந்தது. நெஞ்சில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. கிரைண்டர் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. ஓடி வந்த என் வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தி கீழே கிடந்ததைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் கீழே பார்த்தார். யாருக்காகப் பதறுவது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

செத்தது பொம்மைதான். ஆனால் அன்றைக்கு அது நானாக இருந்தது.

இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். அவிநாசியில் எங்கள் தெருவில் இப்போது சோலார் இல்லாத கூரை கிடையாது. பேட்டரி வைக்காத மாடிப்படி கிடையாது. வண்டிக்குச் சார்ஜ் ஏறாத வாசல் கிடையாது. வீட்டுக்குள் இத்தனை கரண்டு ஓட ஆரம்பித்த பிறகு பழைய வயரிங் தாங்கவில்லை. ஊருக்கு ஊர் சாவு கூடிப்போனது. அரசாங்கம் விழித்துக்கொண்டு ஒரு சட்டம் போட்டது. வயரை மட்டும் சோதித்தால் போதாது, அந்த வீட்டில் ஆட்கள் வாழ்கிற விதத்தோடு சேர்த்துச் சோதிக்க வேண்டும் என்று. அதற்காகச் செய்யப்பட்டதுதான் மாதிரியாள். ஆள் உயரம், ஆள் எடை, மனிதத் தோல் போலவே கரண்டைக் கடத்துகிற ஒரு தோல். வீட்டிலிருக்கும் பெரியவர்கள் கையிலும் காலிலும் ஒரு வாரம் பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். எதை எந்தக் கையால் தொடுகிறோம், எங்கே வெறுங்காலோடு நிற்கிறோம், எதைத் தூக்குகிறோம், எதைத் துடைக்கிறோம் என்று எல்லாவற்றையும் பட்டை படித்துக்கொள்ளும். பிறகு மாதிரியாள் வந்து ஒவ்வொருவராகவும் ஒரு நாள் வாழ்ந்து பார்க்கும். நடிப்பெல்லாம் கிடையாது. நாம் தூக்குவதை அதுவும் தூக்கும், நாம் ஆட்டுவதை அதுவும் ஆட்டும். உயிரோடு இருந்தால் வீடு தேறியது. விழுந்தால் தேறவில்லை.

எங்கள் தெருவில் அதற்குக் கரண்டு மாப்பிள்ளை என்று பெயர். வருவான், ஒரு வாய் சாப்பிட மாட்டான், குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவான்.

முதல் நாள், திங்கட்கிழமை, அது என் வீட்டுக்காரராக வாழ்ந்தது. வாட்டர் ஹீட்டர் போட்டுக் குளித்தது. கைபேசியைச் சார்ஜில் மாட்டியது. மாவு பாக்கெட்டுகளை வண்டியில் அடுக்கியது. அவர் கடை கடையாகப் போட்டு வருகிற நேரம் முழுவதும் வாசலில் வண்டிமேலேயே உட்கார்ந்திருந்தது. மதியம் ஃபேனைச் சுழலவிட்டுப் படுத்தது. குறட்டை ஒன்றுதான் பாக்கி. பொழுதோடு, இருட்டுகிற நேரத்தில், நெஞ்சில் பச்சை விளக்கு எரிந்தபோது, தெருவிலேயே முதல் தடவையில் தேறப்போகிற வீடு நம்முடையதுதான் என்று நான் நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் எப்படி இருப்பது? இது மாவில் கட்டிய வீடு. அஸ்திவாரத்துக்கு ஒரு கிரைண்டர், சுவருக்கு ஒரு கிரைண்டர், மாடிக்கு ஒரு கிரைண்டர் என்று தேய்த்துத் தேய்த்துக் கட்டினேன். வாசலில் கறுப்பு கிரானைட் போட்டதில், கிரகப்பிரவேசத்தன்று கோலம் பளிச்சென்று எடுத்தது. வந்தவர்கள் எல்லோரும் குனிந்து தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள்.

அப்படிப்பட்ட வீடு மறுநாள் காலையில் என்னைக் கொன்றுவிட்டது.

மாதிரியாளோடு வந்திருந்த ஆய்வாளர் பெயர் பெனசிர். திருச்சிப் பெண், கல்யாணம் ஆகாத வயசு, அவசரப்படாத பேச்சு. மெயினை அணைத்துவிட்டு வந்து, விழுந்து கிடந்ததைத் தூக்கி உட்காரவைத்து, ஈரத்தைத் துடைத்தாள். எனக்குக் கோபம் தலைக்கேறி இருந்தது. பொம்மைக்குத்தான் ஏதோ கோளாறு என்று அடித்துப் பேசினேன்.

"நான் தெனமும் தொடறேனுங்களே. எப்பவாச்சும் சுள்ளுனு புடிக்கும், கையை எடுத்துக்குவேன். எனக்கு ஒண்ணும் ஆகலியே?"

"ஆகலைங்கிறதுக்காக ஆகாதுன்னு சொல்ல முடியாதும்மா," என்றாள் பெனசிர். "உங்க கிரைண்டர் உடம்புல கரண்டு இருக்கு. அதைத் தொடுறீங்க. இந்தக் குழாய் இரும்புப் பைப்பு, நேரா மண்ணுக்குள்ள போகுது. இதையும் தொடுறீங்க. இத்தனை வருஷமா ரெண்டையும் ஒரே நேரத்துல தொட்டதில்ல, அவ்வளவுதான். பொம்மை உங்க பழக்கத்தையெல்லாம் கலைச்சுப்போட்டு, நடக்கக்கூடிய ஒரு நாளை வாழ்ந்து பாக்குது. அந்த நாள் உங்களுக்கு இன்னும் வரல."

நான் கிரைண்டரிலிருந்து ரெண்டடி தள்ளி நின்றேன். கிரைண்டரை விட்டு நான் தள்ளி நிற்பது அபூர்வம் என்பதால் வீட்டுக்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

பெனசிர் பொறுமையாக விளக்கினாள். கிரைண்டர் உடம்பில் கரண்டு கசிந்தால் ஆளைக் காப்பாற்ற ரெண்டு காவல் உண்டு. ஒன்று எர்த் வயர். கசிவை வீட்டுக்கு வெளியே தோண்டிய எர்த் குழிக்குக் கொண்டுபோய் மண்ணில் விட்டுவிடும். இன்னொன்று டிரிப்பர். வீட்டுக்குள் போன கரண்டு முழுசாகத் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும், கொஞ்சம் குறைந்தாலும் கண் இமைப்பதற்குள் லைனைத் துண்டித்துவிடும். உங்கள் வீட்டில் ரெண்டும் தூங்குகிறது, ஏன் என்றுதான் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போர்டைத் திறந்தாள். கொஞ்ச நேரம் உள்ளேயே பார்த்தாள். கிரைண்டர் லைன் மட்டும் டிரிப்பருக்குள் போகாமல் நேராக மெயினில் மாட்டியிருப்பதாகச் சொன்னாள். யார் செய்தது என்று கேட்கவில்லை, எங்கள் ரெண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தது என்பது அவர் பனியனைக் கீழே இழுத்துவிட்ட விதத்திலேயே தெரிந்தது.

"நீதான சுகந்தா தெனமும் பொலம்புவ," என்றார். "மாவு பாதில நின்னுபோவுது, உளுந்து பொங்க மாட்டேங்குது, இந்தப் பொட்டியைத் தூக்கி வீசுங்கன்னு. அதான் வயர்மேன் லோகுகிட்டச் சொல்லி நேரா போட்டுட்டேன். உனக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னுதான்."

அழுவதா, நாலு அறை விடுவதா என்று தெரியவில்லை எனக்கு. நினைவு வந்தது. அது டிரிப் ஆவது நின்றுபோன நாளில் நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று. அந்த மனுஷன் ஒன்றும் சொல்லாமல் எனக்கு ஒரு பரிசு கொடுத்திருக்கிறார். அது என் சாவு. உள்ளே போய்ப் பாதி அரைபட்ட உளுந்தை வழித்து வாளியில் போட்டேன்.

நோட்டீஸ் வந்தது. ஒரு மாதத்துக்குள் சரிசெய்து மறுசோதனையில் தேற வேண்டும். தேறாவிட்டால் கிரைண்டர் லைனைத் துண்டித்துவிடுவார்கள், அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குத் தொழில் இணைப்பே கிடையாது. அதாவது மாவுக்கடையை மூடிவிட்டு நான் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் கிடையாது. அரிசியும் உளுந்தும் எந்த விகிதத்தில் போட்டால் எந்த வெயிலுக்கு எப்படிப் புளிக்கும் என்று என்னைவிட யாருக்கும் தெரியாது, அது போதும் என்று இருந்தவள் நான்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்காரர் நோட்டீஸை மூக்குக்கண்ணாடி போட்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். அதில் ஒரு வழி கண்டுபிடித்து முகம் மலர்ந்தார். மறுசோதனைக்கு ரெண்டு பேரும் வேண்டாமாம். வீட்டார் யாரைக் கைகாட்டுகிறார்களோ அந்த ஒருவராக வாழ்ந்து பார்த்தால் போதுமாம். தன்னையே போட்டுக்கொள்ளலாம், தான்தான் ஏற்கெனவே தேறிவிட்டோமே, லைனும் பிழைக்கும், சுவரையும் உடைக்க வேண்டாம் என்றார். வேணும்னா நீ கொஞ்சம் பார்த்துத் தொட்டுக்க என்று கூடவே ஒரு வார்த்தை.

"அப்ப வீடு உங்களுக்குத் தேறிருமுங்க மாமா," என்றேன். "நான் எந்த வீட்ல இருக்கறது?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார். அதற்குப் பிறகு அந்த வழியைப் பற்றி அவர் பேசவே இல்லை. கெட்ட மனுஷன் இல்லை. சட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தால் அதில் தலையை விட்டுப் பார்க்கிற ஆண்பிள்ளைப் புத்தி, அவ்வளவுதான். மறுநாள் காலையில் பெனசிருக்குப் போன் போட்டு, மறுசோதனைக்கு என் வீட்டுக்காரி பேரை எழுதிக்கொள்ளுங்கள் என்று அவரேதான் சொன்னார்.

பெனசிரும் ஒரு சுலப வழி சொன்னாள், நல்ல மனசோடுதான். சமையலறையில் ரப்பர் செருப்புப் போடப் பழகிக்கொள்ளுங்கள், பட்டையை மறுபடி ஒரு வாரம் கட்டுவோம், பொம்மையும் செருப்போடு நிற்கும், கால் வழியாகக் கரண்டு இறங்காது, பாதி ஆபத்து குறையும் என்றாள். நிறைய வீடுகளில் அப்படித்தான் தேறுகிறார்களாம். அரிசி சிந்துகிற இடத்தில் செருப்புப் போட்டு மிதிப்பதா? கைதவறி ஒரு பருக்கை விழுந்தாலே எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற பழக்கம் எங்கள் வீட்டில். அதை அவளுக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்குப் பொறுமை இல்லை.

"செருப்பு வேணாங்க கண்ணு. வீட்டுக்கு ஏத்தாப்பல என்னை மாத்தாதீங்க. எனக்கு ஏத்தாப்பல வீட்டை மாத்திக் காட்டறேன்," என்றேன்.

போனில் அவள் சிரித்தது கேட்டது. சரிம்மா, மாத்துங்க, நானே வந்து பாக்குறேன் என்றாள்.

வயர்மேன் லோகுவை வரச் சொன்னோம். செய்தி தெரிந்துவிட்டது போலும், கேட்டுக்கு வெளியிலேயே வண்டியை நிறுத்திவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். எங்கள் வீட்டில் அவன் கை நனைக்காத விசேஷம் கிடையாது. உள்ளே கூப்பிட்டு முதலில் காபி கொடுத்தேன். குடித்து முடித்த பிறகு திட்டினேன். அண்ணன் சொன்னார் என்று செய்தானாம், அண்ணன் விஷம் கேட்டால் வாங்கிக் கொடுப்பாயா என்று கேட்டேன். தப்புத்தானுங்கக்கா என்று ஒரே ஒரு தடவை சொன்னான். அதற்குப் பிறகு அவன் வேலை செய்த அழகைப் பார்த்தால் கோபம் வைத்துக்கொள்ள மனசு வராது.

முதல் வேலையாக கிரைண்டர் லைனை டிரிப்பருக்குள் மாட்டினான். கிரைண்டரைப் போட்டோம். டப்பென்று விழுந்தது. தூக்கிவிட்டோம், மறுபடி விழுந்தது. முன்பெல்லாம் சனியன் பிடித்த பொட்டி என்று நான் வைதிருப்பேன். இப்போது அந்த டப் சத்தம் கேட்டபோது, யாரோ என் கையைப் பிடித்துப் பின்னால் இழுப்பதுபோல இருந்தது. இத்தனை காலம் அது என்னோடுதான் கத்திக்கொண்டிருந்திருக்கிறது, நான் அதைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கசிவு எங்கே என்று ஒவ்வொன்றாகக் கழற்றித் தேடினோம். லோகு கிரைண்டரைக் கவிழ்த்துக் காட்டினான். ஆட்டி முடித்ததும் நான் சொம்பு சொம்பாகத் தண்ணீரை ஊற்றி அலசுவேன், அந்தத் தண்ணீர் வருஷக்கணக்காக மோட்டாருக்குள் இறங்கியிருக்கிறது. உள்ளே சுற்றியிருந்த செம்புக் கம்பிக் காயில் கறுத்துப்போய் இருந்தது. புதுசாகச் சுற்றி, மோட்டாருக்கு மேல் தண்ணீர் இறங்காதபடி ஒரு மூடி அடித்து, கிரைண்டரையே ஒரு திண்டு கட்டி மேலே ஏற்றினோம். போட்டால் மறுபடியும் டப். லோகு முகத்தில் ஈயாடவில்லை. சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, குழாய்க்குப் பக்கத்தில் கொத்தினான். உள்ளே வயர் பத்தாமல் யாரோ முன்பு இணைப்புப் போட்டு டேப் சுற்றி, அதன்மேல் சிமெண்ட் பூசியிருந்தார்கள். குழாய்த் தண்ணீர் கசிந்து சுவரே ஊறிக் கிடந்தது. அந்த வயரை அப்படியே சாகவிட்டுவிட்டு, மேலே கூரையோரமாக நடுவில் ஒட்டே இல்லாமல் புது வயர் இழுத்தான். குழாய்ப் பைப்பையும் எர்த்தோடு சேர்த்துக் கட்டினான். கிரைண்டரைப் போட்டோம். ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டது கிரைண்டர் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

மிச்சமிருந்தது எர்த் குழி. லோகு மீட்டரைப் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். எர்த் இருக்கிறது, ஆனால் பேருக்குத்தான் என்றான். குழி எங்கே என்று தேடினால் காணோம். வீடு கட்டிய கொத்தனாரைப் போனில் பிடித்தோம். அவர், வாசலுக்கு நேராக நடுவில் இருக்கும் பாருங்க என்றார். வாசலுக்கு நேராக நடுவில் இருந்தது என் கிரானைட். எர்த் குழி மூடி பார்க்க அசிங்கமாக இருக்கிறது, போட்டோவில் விழும் என்று கிரகப்பிரவேசத்துக்கு முன்னாடி அதன்மேலேயே கல்லைப் பதித்துவிட்டார்களாம். கரியும் உப்பும் கொட்டிய குழிக்கு வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்றினால்தான் மண் ஈரமாக இருந்து கரண்டை வாங்கிக்கொள்ளும். கல்லுக்கு அடியில் அது வருஷக்கணக்காகத் தொண்டை காய்ந்து கிடந்திருக்கிறது.

கட்டிங் மெஷினைக் கொண்டுவந்து நேர்த்தியாக வெட்டி எடுத்துவிடலாம், கோலத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் என்று லோகு இழுத்தான். அந்தக் கல்லின்மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்று அவனுக்குத் தெரியும். நான் சம்மட்டியை வாங்கி முதல் அடியை நானே அடித்தேன். நெஞ்சு வலிக்கத்தான் செய்தது, ஒளிப்பானேன். ரெண்டாவது அடியில் கல் விரிந்தது. பொசுங்கின மாதிரி இருந்த கரித்தூளை அள்ளிப்போட்டுவிட்டு, புதுக் கரியும் உப்பும் கொட்டி, தண்ணீர் ஊற்ற ஒரு பைப் வைத்து, மேலே மூடி போட்டோம். முதல் குடத்தை ஊற்றியபோது மண் கடகடவென்று உறிஞ்சியது. குடம் குடமாக ஊற்றிக்கொண்டே இருந்தோம். அக்கம்பக்கத்தில் எல்லோரும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். சுகந்தாமணி வாசலில் கிணறு வெட்டுகிறாள் என்று ஒருத்தி கேலி பேசினாள். நான் மாவு ஆட்டி விற்காத அந்த ஒரு மாதமாக அவர்கள் வீடுகளில் எல்லாம் உப்புமாதான். கேலியில் கொஞ்சம் பசியும் கலந்திருந்தது.

மறுசோதனை நாளில் பெனசிர் விடிவதற்கு முன்பே வந்தாள். பட்டைகள் என் கணக்கைத்தான் வைத்திருந்தன. மாதிரியாள் வெறுங்காலோடு எழுந்து வாசலைக் கூட்டியது, தெளித்தது. அரிசி மூட்டையைச் சரித்து அளந்து களைந்தது. முதல் ஈடு, ரெண்டாவது ஈடு. ஈரக் கையால் ஸ்விட்சைப் போட்டது. தரையெல்லாம் தண்ணீர். வலது கை கிரைண்டர் விளிம்பில், இடது கை குழாய்க்குப் போனது. வீட்டுக்காரர் என் முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார், பிடித்திருப்பதே அவருக்குத் தெரியவில்லை. விரல் குழாயில் பட்டது. தண்ணீரைத் திறந்தது. மாவில் ரெண்டு சுற்று ஊற்றியது. மூடியது. அவ்வளவுதான்.

பெனசிர் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த இடத்தில் வீடு எனக்காகத் தேறியது. நான் மாறவில்லை, வீடு மாறியது. அந்தப் பெருமையில் எல்லோருக்கும் காபி போடப் போனால், அடுப்பை அந்தப் பொம்மை பிடித்துக்கொண்டு நின்றது. என் வேலையை அது செய்துகொண்டிருந்ததால் எனக்கு ஒரு வேலையும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்து என்னையே வேடிக்கை பார்த்தேன்.

அது ஓயவே இல்லை. டிபன் செய்தது. பாத்திரம் தேய்த்தது. மாவை வாளி வாளியாக முன்னறைக்குத் தூக்கியது, பாக்கெட் போட்டது. நடுநடுவே வாசலுக்குப் போய்க் கூப்பிட்ட ஆளுக்கு மாவு ஊற்றியது. துணியை அலசிக்கொண்டு மாடி ஏறியது, இறங்கியது. சோறு வடித்தது. மூன்றாவது ஈட்டுக்கு ஊறப்போட்டது. வீட்டுக்காரரின் சட்டையை இஸ்திரி போட்டது. பார்க்கப் பார்க்க எனக்கே மூச்சு வாங்கியது. இவள் யாரடா இப்படிப் பறக்கிறாள் என்று தோன்றியது.

நாலு மணி சுமாருக்கு, மாவு வாளியோடு முன்னறைக்கு வந்துகொண்டிருந்தபோது நடை தளர்ந்தது. வாளியை மெதுவாகத் தரையில் வைத்தது. சுவரில் முதுகைச் சாய்த்தது. அப்படியே சரிந்து, காலை நீட்டி உட்கார்ந்தது. தலை மார்பில் தொங்கியது. அசைவு இல்லை.

நான் சுற்றும்முற்றும் பார்த்தேன். கிரைண்டர் இல்லை, குழாய் இல்லை, பக்கத்தில் ஒரு பிளக் பாயிண்டுகூட இல்லை. இன்னும் எந்தச் சுவருக்குள் என்ன ஒளிந்திருக்கிறது? லைன் போயிற்று, கடை போயிற்று என்று நினைத்தேன். வீட்டுக்காரர் போர்டைப் பார்க்க ஓடினார். டிரிப்பர் விழவில்லை என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

பெனசிர் அதன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, நெஞ்சுப் பலகையைத் திறந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு எங்கேயோ போன் போட்டு மெல்லப் பேசினாள். வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"வீடு தேறிடுச்சும்மா. நீங்க தொடுற எல்லா இடத்தையும் இது தொட்டுப் பாத்திடுச்சு, ஒரு துளி கசிவு இல்ல."

"பொறகு எதுக்குங்க உக்காந்துட்டுது?"

"சார்ஜ் தீந்துபோச்சு." அவள் குரலில் அவளுக்கே நம்பிக்கை இல்லாததுபோல இருந்தது. "ஒரு ஆளோட ஒரு நாள் வேலைக்குன்னு கணக்குப் போட்டு, அதுக்கு மேலயும் தாராளமா வச்சுத்தான் இந்த பேட்டரியச் செஞ்சாங்க. இதுவரைக்கும் எந்த வீட்லயும் தீந்ததில்லையாம். அய்யாவா இருந்த அன்னிக்கு முக்காலுக்கு மேல மிச்சம் இருந்துச்சு."

அய்யா இருமினார்.

நான் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு மணிக்கு, சுவரில் சாய்ந்து, காலை நீட்டி. அந்த நேரத்தில் நான் அப்படி உட்கார்ந்து நானே பார்த்ததில்லை. மாவு வழிந்த கை மடியில் கிடந்தது. ஒரு நிமிஷம் அதற்காக எனக்குப் பாவமாக இருந்தது. யாருக்காக என்று அப்போது நான் பிரித்துப் பார்க்கவில்லை. அடுத்த நிமிஷம் எங்கிருந்தோ ஒரு சிரிப்பு பொங்கி வந்தது, அடக்க முடியவில்லை.

நடுவில் நின்றதற்குக் காரணம் எழுத வேண்டும் என்றாள் பெனசிர். பேட்டரிக் கோளாறு என்று போடச் சொல்லித் தலைமை அலுவலகத்தில் சொல்கிறார்களாம்.

"அப்படிப் போடாதீங்க கண்ணு," என்றேன். "அது நல்லா இருக்கறப்பவே தீந்துபோச்சுன்னு போடுங்க. அதுக்கு மேல சுகந்தாமணிக்கு வேலை பாக்கி இருந்துதுன்னும் போடுங்க. பெரியாளுங்க படிக்கட்டும்."

 அவள் நான் சொன்னதைச் சொன்னபடியே பதிந்தாள், எனக்கு ஒருமுறை படித்தும் காட்டினாள். கேட்கக் கேட்க எனக்குத் தலை தானாக நிமிர்ந்தது. அந்த நேரத்தில் கேட்டில் யாரோ மாவுக்குக் குரல் கொடுத்தார்கள். நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். வீட்டுக்காரர் எனக்கு முன்னால் எழுந்து, பொம்மை வைத்த வாளியைத் தூக்கப் பார்த்தார். ஒரு கையால் தூக்கினார், வரவில்லை. ரெண்டு கையையும் கொடுத்துத் தூக்கி, ரெண்டடி நடந்து, கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதையா தெனமும் தூக்கற?" என்றார்.